ஆறு கம்பிக்குள் ஒரு கீபோர்டு

அத்தியாயம் 11

மலைமேல் இருக்கும் சோளக்காட்டிலிருந்து முதல் பஸ் கிளம்பியபோது எதிரே வருகிற ஆள் தெரியாத அளவுக்குப் பனி. ராஜேஸ்வரி ஜன்னலோரம் உட்கார்ந்து, கிடார் பையை இரண்டு முழங்காலுக்கும் நடுவே நிறுத்திப் பிடித்துக்கொண்டாள். எழுபது கொண்டை ஊசி வளைவிலும் அது சாயாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பக்கத்து சீட் காலி. முன்பெல்லாம் அங்கே அவள் கணவன் இளங்கோ உட்கார்ந்திருப்பான். மடியில் குறுக்கே கீபோர்டு. வளைவுக்கு வளைவு இரண்டு பேர் தோளும் இடித்துக்கொள்ளும்.

அவன் போய் எட்டு மாதம் ஆகிவிட்டது.

சேந்தமங்கலத்தில் ஒரு கல்யாணக் கச்சேரியில்தான் அதற்கான காரணம் நடந்தது. ஒவ்வொரு பாட்டிலும் இளங்கோவின் கீபோர்டு அரை நொடி பிந்தி வந்தது. மூன்றாவது பாட்டு முடிந்ததும் ராஜேஸ்வரி பொறுக்க முடியாமல், "காதை எங்க கழட்டி வச்சிட்டு வந்தீங்க?" என்று கேட்டுவிட்டாள். எதிரே மைக் ஆனில் இருந்தது. மண்டபமே சிரித்தது.

மறு வாரம் அவன் ஈரோட்டில் வேலை கிடைத்திருப்பதாகச் சொல்லிவிட்டுப் போனான். பழைய போன் நம்பர் வேலை செய்யவில்லை. கேட்கிறவர்களிடமெல்லாம், "வேலையா வெளியூர் போயிருக்காருங்க" என்று அவளும் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

இசைக்குழுவை நடத்தும் பாடகர் அருணாசலம் ஏழு மாதம் பொறுத்துப் பார்த்தார். போன மாதம் வாய் திறந்தார்.

"கீபோர்டு இல்லாம எத்தன நாளைக்கும்மா ஓட்டறது? ராசிபுரத்துல ஒரு பையன் வாரேங்கறான். ஆனா அவன் தம்பி கிடார் வாசிப்பானாம். வந்தா ரெண்டு பேரும்தான் வருவாங்களாம்."

அதற்கு என்ன அர்த்தம் என்று ராஜேஸ்வரிக்குப் புரிந்தது. பதினெட்டு வருடம் வாசித்த மேடையில் அவளுக்கு இனி இடம் கிடையாது.

"ஒரே ஒரு புரோகிராம் எனக்குக் குடுங்க. கீபோர்டு வேலையையும் நானே பாக்கறேன்" என்றாள்.

"ரெண்டு கைதானம்மா உனக்கு?"

"ரெண்டு கை போதுமுங்க."

யோசனை மகள் அருள்மொழியுடையது. நாமக்கல்லில் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிறாள். மிடி பிக்கப் என்று ஒன்று இருப்பதாகப் போனில் அவள்தான் சொன்னாள். கம்பியின் அதிர்வைப் பிடிக்க கிடாரில் சாதாரணமாக இருக்கும் பிக்கப், ஆறு கம்பியின் சத்தத்தையும் ஒன்றாகக் கலந்து அனுப்பிவிடும். மிடி பிக்கப் அப்படியல்ல. ஒவ்வொரு கம்பியையும் தனித்தனியாகக் கேட்டு, எந்தக் கம்பியில் என்ன ஸ்வரம், எவ்வளவு அழுத்தம் என்று ஒரு பெட்டிக்குச் சொல்லும். பெட்டி அதை வயலினாகவோ புல்லாங்குழலாகவோ மாற்றிக் கொடுக்கும்.

மூன்று வாரம் தாயும் மகளும் போனிலேயே அதைத் தேர்ந்தெடுத்தார்கள். கிடாரின் உடம்பைக் குடைந்து உள்ளே புதைக்கிற வகை ஒன்று இருந்தது. அவ்வளவு மரத்தைக் குடைய ராஜேஸ்வரிக்கு மனம் வரவில்லை. கம்பி உட்காரும் பாலத்தையே கழற்றிவிட்டு வேறு மாட்டுகிற வகை ஒன்று. அதற்கு அவளுடைய கிடாரின் அளவு ஒத்துவரவில்லை. கடைசியில், மேலே பொருத்துகிற வகையை அருள்மொழியே முடிவு செய்தாள்.

"பாலத்துக்கும் கடைசி பிக்கப்புக்கும் நடுவுல எவ்ளோ இடம் இருக்கு, ஸ்கேல் வச்சுப் பாத்துச் சொல்லும்மா."

"பதிமூணு மில்லிமீட்டர்."

"போதும்மா. பத்து இருந்தாலே உக்காந்துக்கும்."

இந்தப் பொண்ணுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும் என்று அப்போது ராஜேஸ்வரி யோசிக்கவில்லை.

* * *

பேளுக்குறிச்சியில் அன்று சந்தை. ரோட்டின் இரண்டு பக்கமும் மிளகு, சீரகம், கடுகு மூட்டைகள். ஜாபர் உசேனின் ரிப்பேர் கடை சந்தைக்குப் பின்புறம். ரேடியோவும் மிக்சியும் ஆம்ப்ளிஃபையரும் வாசல்வரை அடுக்கியிருந்தன. அருள்மொழி முன்பே வந்து, மடியில் ஒரு அட்டைப் பெட்டியோடு காத்திருந்தாள்.

"சாப்ட்டியா கண்ணு?"

"ஆச்சும்மா."

அவள் நிமிர்ந்து பார்க்காமல் பதில் சொன்னது ராஜேஸ்வரிக்கு உறுத்தியது. தூக்கம் பத்தவில்லை போலிருக்கிறது என்று விட்டுவிட்டாள்.

ஜாபர் உசேன் மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பிக்கப்பைக் கையில் எடுத்தார். தீக்குச்சியைவிடக் கொஞ்சம் நீளமான ஒரு கறுப்புப் பட்டை. அதிலிருந்து ஒரு ஒயர் கிடாரில் மாட்டுகிற உள்ளங்கை அளவு டப்பாவுக்கும், அங்கிருந்து இன்னொரு ஒயர் சின்னத் திரை வைத்த பெட்டிக்கும் போனது.

"ஆறு கம்பிக்கு ஆறு காது. ஒவ்வொண்ணும் அதது கம்பிக்கு நேர் கீழ நிக்கணும். நகந்துச்சுன்னா பக்கத்துக் கம்பியோட பேச்சையும் கேக்கும்."

"ஒட்டறதுக்கு டேப் குடுத்திருக்காங்களே மாமா" என்றாள் அருள்மொழி.

"நாமக்கல்லு வெயிலுக்கு டேப் நிக்கும் சாமி. உங்க மலப் பனிக்கு ஒரு வாரம் தாங்காது. கச்சேரி நடுவுல பேந்துச்சுன்னா என்ன பண்றது?" அவர் ராஜேஸ்வரி பக்கம் திரும்பினார். "ரெண்டே ரெண்டு திருகாணி. ரெண்டு ஓட்ட போடணும். என்னம்மா சொல்ற?"

பதினெட்டு வருடமாக அந்த கிடாரில் ஒரு கீறல் விழாமல் வைத்திருந்தாள். மழை நாளில் தன் தலையை நனையவிட்டு அதன் பையைத் துண்டால் மூடிக்கொண்டு ஓடியிருக்கிறாள்.

"போடுங்ணா."

டிரில் மரத்துக்குள் இறங்கியபோது அவள் வேறு பக்கம் பார்த்தாள். சிவப்புப் பெயின்ட்டும் மரத்தூளும் கலந்து மேசையில் விழுந்தன. அருள்மொழி அதை விரல் நுனியால் ஒதுக்கித் துடைத்தாள்.

பட்டையைப் பொருத்தியதும் ஜாபர் உசேன் பர்சிலிருந்து ஏடிஎம் கார்டை எடுத்தார்.

"கிடார் கழுத்துல கடைசிக் கட்டைல கம்பிய அமுத்திப் புடிம்மா."

அவள் அழுத்தினாள். கம்பிக்கும் பட்டைக்கும் நடுவே கார்டை நுழைத்தார். தட்டியது. திருகாணியைக் கால் சுற்று இறக்கி, மறுபடி நுழைத்தார். இந்த முறை உரசாமல் போய் வந்தது.

"ஒரு மில்லிமீட்டர். இதுக்கு மேல எட்டப் போனாலும் கேக்காது, கிட்ட வந்தாலும் கம்பி இடிக்கும்."

பிறகு ஒவ்வொரு கம்பியாகத் தட்டச் சொல்லி, பெட்டியில் அதற்கதற்கு உணர்திறனை வைத்தார். ராஜேஸ்வரி பலமாகத் தட்டினாள், மெல்லத் தட்டினாள். பெட்டியின் சின்னத் திரையில் கோடுகள் ஏறி இறங்கின. எல்லாம் முடிய பதினோரு மணி ஆனது.

"இப்ப வாசி. கிடார் சத்தத்தக் கொறச்சிட்டேன். பெட்டி மட்டும்தான் பேசும்."

பெட்டியில் முதல் சத்தத்துக்கான எண்ணை அழுத்திவிட்டு, அவள் ஒரு ஸ்வரத்தை மீட்டினாள்.

கடையின் பழைய ஸ்பீக்கரிலிருந்து வயலின்கள் எழுந்தன. கூட்டமான வயலின்கள். அதற்கு மேலே, இருக்கிறதா இல்லையா என்று தெரியாத அளவுக்கு ஒரு புல்லாங்குழல்.

ராஜேஸ்வரியின் கை நின்றுவிட்டது.

அந்தக் கலவை அவளுக்குத் தெரியும். பதினெட்டு வருடம் அவளுக்கு இடது பக்கத்திலிருந்து வந்த சத்தம். வயலினுக்கு மேலே புல்லாங்குழலை அப்படித் தூவுகிற ஆள் ஒருத்தன்தான்.

"இத யாரு செட் பண்ணுனது?"

"வாங்குன இடத்துலயே... போட்டிருந்துச்சும்மா. பழசுதானே பெட்டி" என்றாள் அருள்மொழி.

ராஜேஸ்வரி அவளை ஒரு கணம் பார்த்தாள். பிறகு மறுபடி வாசித்தாள். அன்று மாலைக் கச்சேரிக்கு வைத்திருந்த இரண்டாவது பாட்டின் தொடக்கத்தைப் போட்டாள். மெல்லிய கம்பிகளில் சரியாக வந்தது. தடித்த கம்பிக்கு இறங்கியதும் விரல் முன்னாலும் சத்தம் பின்னாலும் போயின. மறுபடி முயன்றாள். மறுபடி பிந்தியது.

"தடிச்ச கம்பி மெதுவா ஆடும்மா" என்றார் ஜாபர் உசேன். "அது ஒரு சுத்து முழுசா ஆடி முடிச்சாத்தான் என்ன ஸ்வரம்னு பெட்டிக்குத் தெரியும். அந்த நேரம் ஆகத்தான் செய்யும். பெட்டி மேல தப்பு இல்ல."

"எட்டு மாசம் கழிச்சும் இதே ரோதனையா? இதுவும் அவரு மாதிரியே லேட்டு!" என்றாள் ராஜேஸ்வரி எரிச்சலோடு. "இதுக்கும் காது கேக்கல!"

அருள்மொழி சட்டென்று எழுந்தாள். ஸ்டூல் பின்னால் விழுந்தது.

"அப்டிச் சொல்லாதம்மா."

"என்ன சொல்லிட்டேன் இப்ப?"

"அப்பாவுக்கு நெசமாவே காது கேக்காதும்மா."

வாசலில் சந்தை லாரி ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டே போனது. அது போனதும் அருள்மொழி ஸ்டூலை நிமிர்த்தி வைத்தாள்.

"எடது காது சுத்தமாப் போச்சு. வலது காது பாதிதான். ரெண்டு வருசமாவே கொறஞ்சிட்டு வந்திருக்கு. உங்கிட்டச் சொல்லல. மேடைல உன் கையப் பாத்துத்தான் வாசிச்சிருக்காரு. நீ கம்பியத் தட்டறதப் பாத்து, அதுக்கப்புறம் அவரு அமுத்துவாராம். அதான் லேட்டு."

ராஜேஸ்வரிக்கு அந்தக் கண்கள் நினைவுக்கு வந்தன. மேடையில் எப்போது திரும்பினாலும் அவன் அவளுடைய வலது கையையே பார்த்துக்கொண்டிருப்பான். அதைப் பிரியம் என்று அவள் நினைத்ததுண்டு. அப்புறம், வேலையில் கவனம் இல்லை என்று நினைத்ததுண்டு.

"உனக்கு எப்பத் தெரியும்?"

"ரெண்டு மாசமா. ஈரோட்டுல போயி பாத்தேன். சவுண்ட் சர்வீஸ் கடைல ஒயர் சுத்தறாரு." அருள்மொழி கிடாரிலிருந்த கறுப்புப் பட்டையைத் தொட்டாள். "இந்தப் பிக்கப்ப எடுக்கச் சொன்னதே அவருதாம்மா. பத்து மில்லிமீட்டர் இருந்தாலே போதும்னு சொன்னதும் அவருதான். ஸ்பீக்கர் மேல கைய வச்சுக்கிட்டு, அதிர்வப் பாத்துப் பாத்து ஒவ்வொரு சத்தமா செட் பண்ணுனாரு. ஒரு வாரம் ஆச்சு. உங்கிட்டச் சொல்லக் கூடாதுன்னு என் தலைல அடிச்சுச் சத்தியம் வாங்கிட்டாரு."

ஜாபர் உசேன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே எழுந்து கடைக்கு வெளியே போனார்.

ராஜேஸ்வரி அழவில்லை. கிடாரை மேசையில் வைத்துவிட்டுச் சந்தைக்குள் நடந்தாள். யாரோ அவள் கையில் மிளகைக் கொட்டி, "மலைச் சரக்குங்க, கடிச்சுப் பாருங்க" என்றார்கள். கடித்தாள். காரம் தெரியவில்லை. மண்டபம் முழுக்க எழுந்த அந்தச் சிரிப்பு மட்டும் கேட்டது. அன்றைக்கு இளங்கோவும் கூடச் சேர்ந்து சிரித்தான். தன்னைப் பற்றி என்ன சொன்னாள் என்பது அவனுக்குக் கேட்டதா, இல்லை எல்லோரும் சிரிக்கிறார்களே என்று சிரித்தானா?

அதை இப்போது யாரிடம் கேட்பது?

அரை மணி கழித்துத் திரும்பி வந்தாள். அருள்மொழி கண்களைத் துடைத்துக்கொண்டு எழுந்து நின்றாள்.

"ரெண்டாவது பாட்டுக்குப் புல்லாங்குழல் கொஞ்சம் ஏத்தமா இருக்கு. எப்பிடிக் கொறைக்கிறது, காட்டு" என்றாள் ராஜேஸ்வரி.

* * *

அன்று மாலை பேளுக்குறிச்சி மண்டபத்தில் ஒரு மணிவிழா; அருணாசலம் கொடுத்த அந்த ஒரு புரோகிராம் இதுதான். அறுபது வயது நிறைந்த செல்லமுத்துவும் அவர் மனைவி கண்ணாயியும் மாலையும் கழுத்துமாக முன் வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். மணி நாலு.

தடித்த கம்பிகளில் வயலின் வாசிப்பதில்லை என்று ராஜேஸ்வரி முடிவு செய்திருந்தாள். கீழ் ஸ்வரங்கள் வருகிற இடத்தை எலக்ட்ரானிக் டிரம் பேட் வாசிக்கும் சதீஷ்குமார் தாளத்தால் நிரப்பட்டும் என்று விட்டுவிட்டாள். மெல்லிய கம்பிகளில் மட்டும், தாளத்துக்கு ஒரு மயிரிழை முந்தி வாசிக்க வேண்டும். கிடார்காரர்கள் கம்பியை வளைத்து இழுக்கிற பழக்கத்தையெல்லாம் விட வேண்டும். ஒரு ஸ்வரத்துக்கு ஒரு தட்டு. கீபோர்டில் ஒரு கட்டையை அழுத்துகிற மாதிரி. இளங்கோ எங்கே நிறுத்துவான், எங்கே மூச்சு விடுவான் என்று யோசித்து யோசித்து வாசித்தாள்.

முதல் பாட்டில் வயலின்கள் எழுந்ததும் அருணாசலம் பாடிக்கொண்டே திரும்பிப் பார்த்தார். சதீஷ்குமார் பல் தெரியச் சிரித்தான். முன் வரிசையில் தலைகள் எக்கின. கீபோர்டு எங்கே என்று தேடினார்கள்.

மூன்றாவது பாட்டில் அவள் விரல் பக்கத்துக் கம்பியில் பட்டு, நடுவே ஒரு வயலின் கீச்சென்றது. சதீஷ்குமார் ஒரு உருட்டு உருட்டி அதை மூடிவிட்டான். மற்றபடி தவறில்லை.

ஒரு பாட்டு நன்றாக அமைந்தால் அவள் இடது பக்கம் திரும்புவாள். அது பழக்கம். அன்றும் திரும்பினாள். ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, அதன் மேல் ஒரு தண்ணீர் பாட்டில். அடுத்த பாட்டிலும் திரும்பினாள். அதற்கடுத்த பாட்டிலும். சத்தம் இருந்தது. ஆள் இல்லை. எட்டு மாதம் சத்தமே இல்லாமல் இருந்தது இதைவிடத் தேவலை என்று தோன்றியது.

கச்சேரி முடிந்ததும் கண்ணாயி மேடை ஓரத்துக்கு வந்தார்.

"ஏனுங்கம்மா, நல்லா இருந்துச்சுங்க. அந்தப் பொட்டி வாசிக்கிற தம்பி எங்கீங்க? உங்க ஊட்டுக்காரருதானுங்க? சத்தம் கேட்டுச்சு, ஆளக் காணோமே?"

வேலையாக வெளியூர் போயிருக்கிறார் என்று சொல்லத்தான் வாயெடுத்தாள்.

"இல்லீங்க. அவரு எங்கள உட்டுட்டுப் போயி எட்டு மாசம் ஆச்சுங்க. என்னாலதான் போனாரு."

கண்ணாயி இன்னும் பக்கத்தில் வந்தார். ராஜேஸ்வரியின் கையை ஒருமுறை பிடித்து அழுத்திவிட்டு, மாலையைச் சரிசெய்துகொண்டு கணவரிடம் போனார்.

அருணாசலம் ஒயரைச் சுற்றிக்கொண்டே வந்தார். "ராசிபுரத்துப் பையனுக்குப் போன் பண்ணி வேண்டான்னு சொல்லிட்டேன். நீயே போதும்மா."

"சரிங்க" என்றாள். இதைக் கேட்பதற்காகத்தான் ஒரு மாதம் தூங்காமல் கிடந்தாள். இப்போது அந்தச் சொல் காதில் விழுந்து அப்படியே கடந்து போனது.

* * *

ஆறரை மணிக்கு பஸ் ஸ்டாப்பில் சந்தை கலைந்த கூட்டம். காலிச் சாக்குகள், கூடைகள், இரண்டு ஆடுகள். அருள்மொழிக்கு நாமக்கல் பஸ் முதலில் வந்தது.

"அவரு நம்பரக் குடு."

"அம்மா, சத்தியம்..."

"என் தலைல போட்டுடு அத. குடு சாமி."

அருள்மொழி போனை வாங்கி நம்பரைப் போட்டுக் கொடுத்தாள். "இங்க வேண்டாம்மா. காலைல ஊட்டுல இருந்து பேசு. இந்தச் சத்தத்துல அவருக்கு ஒண்ணும் கேக்காது" என்று படியில் நின்றபடியே சொன்னாள். பஸ் நகர்ந்தது.

காலை வரைக்கும் தாங்காது என்று ராஜேஸ்வரிக்குத் தெரிந்தது. மலைக்குப் போகிற பஸ்ஸும் வந்து நின்றது. கிடார் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, அதில் ஏறாமல், பச்சைப் பொத்தானை அழுத்தினாள்.

ஐந்தாவது முறை மணி அடித்ததும் எடுத்தான்.

"அலோ?"

"ஏனுங்க... நாந்தானுங்க" என்றாள் மெல்ல.

"அலோ? யாருங்க?"

"நாந்தானுங்க."

"கொஞ்சம் சத்தமாப் பேசுங்க. சவுண்ட் செட்டுக்குங்களா? நாளைக்குக் காலைல கடைல வந்து பாருங்க."

"நாந்தானுங்க, ஊட்டுல இருந்து!"

"இல்லீங்க, சரியாக் கேக்கலீங்க. யாரு பேசறீங்கன்னு பேரச் சொல்லுங்க."

கல்யாணமாகி இருபது வருடத்தில் அவனிடம் தன் பெயரைச் சொல்ல வேண்டிய தேவை ஒரு நாளும் வந்ததில்லை. டிரைவர் ஹாரன் அடித்தார். கண்டக்டர், "சோளக்காடு, சோளக்காடு! கடைசி வண்டிங்க!" என்று கத்தினார்.

ராஜேஸ்வரி போனை வாய்க்கு அருகே கொண்டுபோனாள். கண்களை மூடிக்கொண்டு, அடிவயிற்றிலிருந்து கத்தினாள்.

"ராஜேஸ்வரி! உங்க ராஜேஸ்வரி பேசறேன்!"

பஸ்ஸின் ஜன்னல்களிலிருந்து எல்லா முகங்களும் அவள் பக்கம் திரும்பின. கூடைக்காரி ஒருத்தி நடையை நிறுத்தினாள். கண்டக்டரின் விசில் பாதியில் நின்றது.

இந்த முறை மறுமுனையிலிருந்து "யாருங்க" என்ற கேள்வி வரவில்லை. இணைப்பும் அறுந்துவிடவில்லை. அவன் மூச்சு விடுவது அவளுக்குத் தெளிவாகக் கேட்டது.